கொழுப்பு என்று நான் சொன்னது

சென்ற வைகாசி மாதம் மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரு மண்டபத்தில் நடந்த பிறந்தநாள் விழாவில், ஒன்பது வயதுப் பேத்தியின் கையிலிருந்த பொரித்த ரோல்ஸை நான் பறித்தேன். அது அவளுக்கு நான்காவது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

எங்கள் மேசையில் இருந்தவர்களில் ஒருவர் ஊரில் என்னோடு ஒரே பாடசாலையில் படிப்பித்தவர். வாய் சும்மா இருக்காத மனிதர். பேத்தி தட்டோடு எங்களைக் கடந்து போனபோது, "என்ன மாஸ்டர், பேத்தி நல்லா வளருறா. மேலுக்கு வளர இடமில்லையெண்டு பக்கத்தால வளருறா போல" என்றார். மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய மனைவி மட்டும், "சும்மா இருங்கோப்பா, குழந்தைப்பிள்ளை" என்று அவரது முழங்கையில் தட்டினார்.

சிரித்தவர்களை நான் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகப் பேத்தியைக் கிட்டக் கூப்பிட்டேன். அவள் ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தாள். கையிலிருந்ததைப் பிடுங்கி என் தட்டில் போட்டுவிட்டு, "காணும். கொம்மாவைப் போல உனக்கும் கொழுப்புத்தான்" என்றேன்.

பிள்ளைக்குத் தமிழ் அரைகுறை. அந்தச் சொல் விளங்கியதோ தெரியாது, என் முகம் விளங்கியது. எண்ணெய்க் கையைப் புதுச் சட்டையில் துடைத்தாள். எனக்குப் பின்னால் அவளுடைய தாய், என் மகள், கடதாசித் தட்டுகளோடு நின்றதை நான் கவனிக்கவில்லை.

மகள் ஒரு தட்டில் இரண்டு ரோல்ஸை வைத்துப் பிள்ளையின் கையில் கொடுத்தாள். மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன். காரில் ஏறும்போதுதான் என்னைப் பார்த்தாள்.

"புதன்கிழமையில இருந்து நீங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகத் தேவையில்லை, அப்பா."

கிழமைக்கு மூன்று நாள் பஸ் எடுத்துப் போய், பேத்தியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கோட்-டெ-நெய்ஜில் இருக்கும் என் அறைக்குக் கூட்டி வந்து, தாய் வேலை முடிந்து வரும்வரை வைத்திருப்பது என் பொறுப்பாக இருந்தது. என் மனைவி ஐந்து வருடங்களுக்கு முன் இறந்துபோனாள். அந்த மூன்று நாள்களைத் தவிர்த்தால், கீழே இருக்கும் தெப்பனர் கடையில் பால் வாங்கும்போது சொல்லும் ஒரு 'பொன்ஜூர்'தான் நான் ஒரு நாளில் பேசும் பேச்சு. அதனால் அவள் சொன்னதன் பாரம் எனக்கு உடனே தெரிந்தது. ஆனாலும் அன்று வீட்டுக்கு வந்து, 'ஒரு சொல்லுக்கு இவ்வளவோ' என்றுதான் கோபப்பட்டேன். வெட்கம் வர மூன்று மாதம் எடுத்தது. அதையும் மகள்தான் கொண்டுவந்து தந்தாள்.

ஒரு சொல் அல்ல என்பதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நான் ஊரில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்தவன். ஆள் போதாத வருடங்களில் உயிரியலும் படிப்பித்தேன். மொன்றியலுக்கு வந்தபின் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றி இறக்கினேன். படித்த படிப்பு, பேச்சு, மரியாதை எல்லாம் போய்விட்ட இடத்தில் எனக்கு மிஞ்சியிருந்தது என் மெலிந்த உடம்பு ஒன்றுதான் என்று நினைத்தேன். அதை ஒரு பட்டம் போல வைத்திருந்தேன். வாயைக் கட்டத் தெரிந்தவன் மனிதன் என்று சொல்லுவேன். என் மனைவி பருத்த உடம்புக்காரி. மகளும் எட்டு வயதிலிருந்து பருக்கத் தொடங்கினாள். "இது உங்கட ஆக்களின்ர உடம்பு" என்று மனைவிக்குச் சொல்லுவேன். அவள் சட்டியைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள், அவ்வளவுதான்.

மகளுக்குப் பதினொரு வயதானபோது பிரிட்ஜுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினேன். திறப்பு என் இடுப்பில் இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் குளித்தபின் அவளைத் தராசில் ஏற்றி நிறை பார்த்தேன். கூடியிருந்தால் முழங்காலில் நிற்கவேண்டும், தொலைக்காட்சி இல்லை, தோழிகளின் வீட்டுக்குப் போக அனுமதி இல்லை. குறைந்திருந்தால் ஒன்றும் இல்லை. பாராட்டினால் பழுதாகிப் போவாள் என்பது என் எண்ணம். அடுத்த ஞாயிறு மறுபடி கூடியிருக்கும். தண்டனையைக் கூட்டினேன். நிறையும் கூடியது. நான் தண்டித்த மாணவர்கள் எத்தனையோ பேர்; தண்டித்தால் மறுநாள் ஒழுங்காக வருவார்கள். என் சொந்தப் பிள்ளை மட்டும் படிக்கிறாளில்லை என்றால் அதற்கு ஒரு காரணம்தான் இருக்க முடியும் என்று முடிவுகட்டினேன். கொழுப்பு.

எங்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை. உடம்பில் ஏறுவதும் கொழுப்பு, பெரியவருக்கு எதிர்த்து நிற்பதும் கொழுப்பு. கொழுப்பெடுத்தவள் என்றால் மெலிந்தவளையும் சொல்லலாம். ஆனால் பருத்த பிள்ளையைப் பார்த்து அதைச் சொல்லும்போது இரண்டும் ஒரே இடத்தில் போய் விழும். இது எனக்குத் தெரியாத இலக்கணம் அல்ல. வசதியாக இருந்தது, அதனால் பாவித்தேன்.

பதின்மூன்று வயதில் அவளைக் கந்தசஷ்டி விரதம் பிடிக்க வைத்தேன். ஆறு நாளும் பகலில் தண்ணீர் மட்டும், இரவில் பாலும் ஒரு வாழைப்பழமும். பக்திக்காக அல்ல. முருகன் பெயரைச் சொன்னால் மனைவி எதிர்க்கமாட்டாள் என்று தெரிந்து செய்தேன். கோவிலில் பலர், "இந்த வயசில என்ன கட்டுப்பாடு!" என்று அவளைப் புகழ்ந்தார்கள். நான் பக்கத்தில் நின்று அந்தப் புகழை வாங்கிக்கொண்டேன்.

நான்காம் நாள் அவளுடைய பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். எனக்கு அப்போது பிரெஞ்சு வராது. ஆசிரியைக்கு ஆங்கிலம் வராது. எங்கள் ஆட்களின் வீடுகளில் அந்தக் காலத்தில் நடந்ததுதான் நடந்தது. பிள்ளையே மொழிபெயர்ப்பாளர். மகள் எனக்கும் ஆசிரியைக்கும் நடுவில் நின்றாள். ஆசிரியை மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். மகள் நிலத்தைப் பார்த்தபடி தமிழில் சொன்னாள்.

"மத்தப் பிள்ளையள் சாப்பிட்டு வைச்ச தட்டில மிஞ்சினதை நான் எடுத்துச் சாப்பிட்டனாம். மூண்டு நாளாம். வீட்டில சாப்பாடு இருக்கோ எண்டு கேக்கிறா."

என் காது சுட்டது. பிள்ளை பசித்திருந்தாள் என்று எனக்குத் தோன்றவில்லை. களஞ்சியத்தில் அரை நாள் விடுப்பு எடுத்து வந்து ஒரு வெள்ளைக்காரிக்கு முன்னால் பிச்சைக்காரனாக நிற்கிறேன் என்றுதான் தோன்றியது.

"வீட்டில எல்லாம் இருக்கு. இவளுக்குக் கொழுப்பு. அதைச் சொல்லு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், ஆசிரியையைப் பார்த்தாள். பிறகு ஆசிரியையிடம் பிரெஞ்சில் ஒரு சின்ன வசனம் சொன்னாள். அதில் 'க்ராஸ்' என்று ஒரு சொல் இருந்தது. ஆசிரியை என்னைப் பார்த்த பார்வை எனக்கு விளங்கவில்லை. பிள்ளையின் தோளில் கைவைத்து, எங்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

சில மாதங்கள் கழித்து, கடையில் பால் பெட்டியைத் திருப்பிப் பார்த்தபோது அந்தச் சொல் அச்சில் இருந்தது. பாலில் எவ்வளவு கொழுப்பு என்று போடும் இடம். திமிர் என்று நான் சொல்ல அனுப்பியதை, என் பிள்ளை தன்னைப் பருத்தவள் என்று தானே மொழிபெயர்த்து, முன்னால் நின்றவருக்குச் சொல்லியிருக்கிறாள். 'நான் பருத்தவள் என்று அப்பா சொல்கிறார்.' கடையில் நின்றபடியே எனக்கு அது விளங்கியது. வீட்டுக்குப் போய் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் சொல்லவில்லை. முப்பது வருடங்களுக்கு மேல் அதை யாரிடமும் சொன்னதில்லை. சங்கிலியைக்கூட அதற்குப் பிறகும் ஒரு வருடம் கழற்றவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அதே வருடங்களில் நான் நாளுக்கு ஒரு பெட்டி சிகரெட் குடித்தேன். பனிக்காலத்தில் பல்கனியில் நடுங்கிக்கொண்டு நின்று குடித்தேன். காலையில் இருமி முடித்தவுடனே அடுத்ததைப் பற்றவைப்பேன். "உந்த வாயை ஆர் கட்டுறது?" என்று மனைவி ஒரேயொரு முறை கேட்டாள். அன்றைக்கு அவளோடு நான் கதைக்கவில்லை.

இந்த ஆவணியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மகள் தனியாக என் அறைக்கு வந்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்க்கிறேன். கையில் ஒரு கோப்பு. தேத்தண்ணி வேண்டாம் என்றாள்.

"நான் ஆஸ்பத்திரியில நிறைக்குக் காட்டுறனான் எல்லோ? அங்க ஒரு ஆராய்ச்சிக்கு எச்சில் குடுத்தனான். மறுமொழி வந்திருக்கு. நீங்கள் சயன்ஸ் மாஸ்டர்தானே, வாசியுங்கோ."

வாசித்தேன். விளங்காத இடங்களை அவள் டொக்டர் சொல்லக் கேட்டபடி விளங்கப்படுத்தினாள். நாங்கள் பரம்பரை அலகு என்று படிப்பித்ததை இப்போது மரபணு என்கிறார்கள். பருமனோடு தொடர்புள்ளது என்று முதலில் கண்டுபிடிக்கப்பட்ட மரபணுக்களில் ஒன்று; ஆங்கிலத்தில் மூன்று எழுத்துப் பெயர். அது வயிற்றோடு மட்டும் சம்பந்தப்பட்டதல்ல. மூளையில்தான் அதற்குக் கூடுதல் வேலை. உடம்பின் உயிர்க்கலங்கள் எழுதி அனுப்பும் செய்திகளில் சின்னச் சின்ன மெதைல் அடையாளங்கள் ஒட்டியிருக்கும். ஒரு காபன், மூன்று ஐதரசன். ஆயிரம் தடவை கரும்பலகையில் கீறியிருப்பேன். அந்த மரபணு உண்டாக்கும் புரதம் அவற்றில் சிலவற்றை அழிக்கும். அழிக்காவிட்டால், நடுமூளையில் டோபமின் என்ற, ஆசையைத் தூண்டும் இரசாயனத்தைச் சுரக்கும் கலங்கள் தமக்கு வேண்டிய சில புரதங்களைச் சரியாக உண்டாக்கா. அந்தக் கலங்களுக்கு ஒரு பிரேக் உண்டு. தாம் சுரந்த டோபமினைத் தாமே உணர்ந்து, காணும் என்று நிறுத்துவது அதன் வேலை. மரபணு இல்லாமல் வளர்த்த எலிகளில் அந்தப் பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை.

"மனிசரில?" என்று கேட்டேன்.

"மனிசரில அவ்வளவு நேர்க்கோடு இல்லையாம். ஒரு சின்னத் தள்ளல் மாதிரியாம். இந்த மரபணுவில எனக்கு இருக்கிற, நிறையைக் கூட்டப் பாக்கிற வகை இருந்தும் மெல்லிசா இருக்கிற ஆக்கள் நிறையப் பேராம்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா டொக்டர் ஒண்டு சொன்னவ. இந்த வகை உள்ள சில பேர் பரிசு கிடைச்சாக் கெதியாப் படிப்பினமாம். பிழைச்சு அடி விழுந்தா, அதில இருந்து படிக்கிறது மெதுவாம். எல்லாருக்கும் அப்பிடி எண்டு இன்னும் நிச்சயம் இல்லையாம். எனக்கு அதைக் கேக்கச் சிரிப்பு வந்திட்டுது, அப்பா. டொக்டர் பயந்துபோனா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. பிழைக்கு அடி, மறுபடி பிழை, இன்னும் பெரிய அடி. குறைந்த கிழமைகளில் ஒரு நல்ல சொல்கூட இல்லை. எந்தக் கதவால் பாடம் உள்ளே போயிருக்குமோ, அதைத் தேடிப் பூட்டியவன் போல நடந்திருக்கிறேன்.

கோப்பில் கடைசித் தாளில் அவளிடம் அந்த வகை இரண்டு பிரதி இருப்பதாக எழுதியிருந்தது. அதை வாசித்தபோது கையிலிருந்த தாளை மேசையில் வைத்தேன். பட்டாணிச் செடியை வைத்து இதை எத்தனை வகுப்புக்குப் படிப்பித்தேன்! இரண்டு பிரதி என்றால் ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தகப்பனிடமிருந்து. வேறு வழி இல்லை.

"விளங்கிச்சோ?" என்றாள் மகள்.

"ஓம்."

"உங்கட ஆக்களின்ர உடம்பு எண்டு அம்மாக்கு எத்தினை வருசம் சொன்னீங்கள்?"

சாகும்வரை சொன்னேன். கடைசி வருடம் அவளுக்கு நீரிழிவு முற்றிக் காலில் புண் வந்தபோதும் சொன்னேன். அவளிடம் போய்ச் சொல்ல இனி வழியில்லை. இந்தக் கட்டுரையில் நான் எழுதும் எந்த வசனமும் அதைச் சரிசெய்யாது.

அந்த நேரத்தில் நான் செய்ததையும் மறைக்காமல் எழுதுகிறேன். அவ்வளவும் வாசித்த பிறகும் என் வாய் என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தது. "அப்ப எங்களுக்கு ஆர் பிள்ளை இதெல்லாம் சொன்னது? தெரிஞ்சிருந்தா நான் அப்பிடிச் செய்திருப்பனோ?" என்றேன்.

மகள் கோப்பை மூடினாள்.

"இந்த வகை ஜீன் எனக்கு இல்லையெண்டு வந்திருந்தா? அப்ப பிரிட்ஜுக்குப் பூட்டுப் போட்டது சரியோ?"

 படித்த மனிதன் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவள் கேட்டாள். என் அறியாமை ஒரு மரபணுவைப் பற்றியது அல்ல. முன்னால் நின்ற பிள்ளை பசிக்கிறாள் என்பதைத் தெரிந்துகொள்ள ஆய்வுகூடம் வேண்டியதில்லை.

 பிறகு அவள் வேறொரு குரலில் கேட்டாள். நாற்பத்தைந்து வயதுப் பெண்ணின் குரல் அல்ல அது.

"பள்ளிக்கூடத்தில அந்த மிஸ்ஸிட்டச் சொல்லச் சொன்னீங்கள் எல்லோ, கொழுப்பு எண்டு. அண்டைக்கு எனக்கு ரெண்டு சொல்லும் பிரெஞ்சில தெரியும். எதைச் சொல்லுறது எண்டுதான் தெரியேல்லை. நீங்கள் எதைச் சொன்னனீங்கள், அப்பா?"

திமிரைத்தான் சொன்னேன், நீதான் மாற்றிச் சொன்னாய் என்று சொல்லியிருக்கலாம். அகராதிப்படி அது பொய்யும் அல்ல. எத்தனையோ வருடமாக என் மனதில் தயாராக வைத்திருந்த பதிலும் அதுதான்.

"ரெண்டையும்தான் சொன்னனான்" என்றேன். "நீ என்ன சொன்னனீ எண்டும் எனக்குத் தெரியும். அண்டைக்குத் தெரியாது. பேந்து தெரிஞ்சுது. தெரிஞ்சும் உன்னோட கதைக்கேல்லை."

அவள் என்னைப் பார்த்தாள். அழவில்லை. "தெரியுமோ?" என்று மட்டும் கேட்டாள். திரும்பவும், "உங்களுக்குத் தெரியுமோ?" முதல் தடவை கேட்டது என்னை, இரண்டாம் தடவை கேட்டது தன்னையே என்று நினைக்கிறேன். நான் அறியாமல் செய்தேன் என்று அவள் இவ்வளவு காலமும் எனக்காக வைத்திருந்த ஒரு சின்னச் சாக்கை நான் அந்த ஒரு பதிலால் எடுத்துவிட்டேன்.

எழும்பி யன்னலடிக்குப் போனாள். கீழே பஸ்ஸுக்கு நின்ற ஆட்களைப் பார்த்தபடி சொன்னாள்.

"பிள்ளை ஒவ்வொரு நாளும் கேக்கிறா, அம்மப்பா ஏன் வாறேல்லை எண்டு. உங்கட அறையிலதான் வீட்டுக்கணக்குச் செய்ய ஏலுமாம். நான் அவவுக்கு என்ன சொல்ல? பள்ளிக்கூடம் துவங்கப் போகுது. திருப்பி அனுப்பட்டோ?"

மூன்று மாதமாக நான் காத்திருந்த கேள்வி அது. 'அனுப்பு' என்ற ஒரு சொல் போதும். மண்டபத்தை நினைத்தேன். ஒருவன் ஒரு பகிடி விட்டதற்கு, என் மானத்தைக் காப்பாற்ற நான் எட்டிப் பிடித்தது ஒன்பது வயதுப் பிள்ளையின் கையைத்தான். யோசித்துச் செய்யவில்லை. அதுதான் பயம்.

"அனுப்பாதை" என்றேன். "நான் இனிச் சொல்லமாட்டன் எண்டு உனக்குச் சத்தியம் பண்ணலாம். ஆனா என்ர வாயை நானே நம்பேல்லை, பிள்ளை. அவளைத் தனிய என்னோட விடாதை."

மகள் கோப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் என் கையாலேயே கதவை மூடிவிட்டேன் என்று அன்றிரவு அழுதேன். அந்த அழுகையிலும் பாதி எனக்காகத்தான்.

புரட்டாதி நடுவில், ஒரு ஞாயிறு மத்தியானம், மணி அடித்தது. மகளும் பேத்தியும். ஒரு பெரிய பையில் இடியப்பம், சொதி, சம்பல், மீன் பொரியல். பேத்தி சப்பாத்தைக் கழற்றாமலே உள்ளே ஓடி வந்து, என்னைக் கட்டிப் பிடிப்பதற்கு ஒரு அடி முன்னால் நின்றுவிட்டாள். அந்த ஒரு அடியை நான் பார்த்தேன். மகளும் பார்த்தாள்.

சாப்பிட இருந்தோம். முதல் தட்டு முடிந்து பேத்தி இன்னும் இடியப்பம் எடுத்தாள். பிறகும் எடுத்தாள். எண்ணக்கூடாது என்று நினைத்தபடியே எண்ணினேன். ஆறு. ஏழாவதுக்குக் கை போனபோது அவள் என்னைத்தான் பார்த்தாள், தட்டை அல்ல. என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது. நான் தலையைக் குனிந்து என் தட்டில் கிடந்த மீனில் முள் எடுத்தேன். இல்லாத முள்ளையெல்லாம் எடுத்தேன். 

"அம்மப்பா இண்டைக்குக் கதைக்கிறாரில்லை" என்றாள் பேத்தி, தாயிடம்.

"அம்மப்பா சாப்பிடுறார். நீயும் சாப்பிடு" என்றாள் மகள்.

பிள்ளை ஏழாவதை எடுத்து, சொதியை ஊற்றி, பாதியைத் தின்றாள். மீதியைத் தானாகவே தட்டில் ஒதுக்கிவிட்டு, வயிற்றைத் தட்டிக் காட்டி, பிரெஞ்சில் ஏதோ பகிடி சொன்னாள். மகள் சிரித்தாள். எனக்கு விளங்கவில்லை, என்ன என்று கேட்கத் துணிவும் வரவில்லை.

போகும்போது வாசலில் பேத்தி சப்பாத்து வாரைக் கட்டிக்கொண்டிருந்தாள். மகள் வெறும் பையை மடித்து என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"வாற ஞாயிறும் வாறம். நானும் நிப்பன்."

"ஓம், பிள்ளை" என்றேன். "நீயும் நில்லு."